பாஸ்போர்ட் இல்லாமல் குரூஸ்: உங்கள் வீட்டில் யாருக்கு எந்தத் தாள்?

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும்: "குரூஸுக்குப் பாஸ்போர்ட் வேண்டாமாமே, நிஜமா?" நான் திருப்பிக் கேட்பது ஒரே சொல்தான். "யாருக்கு?"

ஹூஸ்டன் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா, அம்மாவுக்கு அதைச் சார்ந்த எச்-4 விசா. எட்டு வயது மகள் இங்கேயே பிறந்தவள். பேத்தியோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக மதுரையிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி இருவருக்கும் பி-2 சுற்றுலா விசா. ஐந்து பேரும் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஒரே கப்பலில் ஏறி, பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிடப் போகிறார்கள். ஆனால் 'பாஸ்போர்ட் வேண்டாம்' என்ற சலுகை அந்த ஐவரில் எட்டு வயதுக்காரிக்கு மட்டும்தான். கப்பல் நிறுவனங்களின் விளம்பரத்தில் இந்த விஷயம் பொடி எழுத்தில் இருக்கும். நம் வாட்ஸாப் குழுக்களில் அந்தப் பொடி எழுத்தும் இருக்காது.

அமெரிக்காவிலிருந்து முதல்முறை குரூஸ் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே படிப்பது நல்லது.

சலுகை எங்கிருந்து வந்தது

ஒரு காலத்தில் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் காரில் போய்வரும் அமெரிக்கக் குடிமக்கள் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, "நான் அமெரிக்கன்" என்று வாயால் சொன்னாலே எல்லை தாண்டிவிட முடிந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2004இல் வந்த சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2007 ஜனவரி 23 முதல் விமானத்தில் திரும்புகிறவர்களுக்கும், 2009 ஜூன் 1 முதல் தரைவழி, கடல்வழி திரும்புகிறவர்களுக்கும் பாஸ்போர்ட்டோ அதற்கு இணையான ஆவணமோ கட்டாயமானது.

அதில் விட்டுவைத்த ஒரு சந்துதான் 'குளோஸ்டு லூப்' குரூஸ். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு, கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகள், பஹாமாஸ், பெர்முடா போன்ற அண்டை இடங்களைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட அதே துறைமுகத்துக்குக் கப்பல் திரும்பினால், அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் குடியுரிமைச் சான்றையும் போட்டோ அடையாள அட்டையையும் காட்டி உள்ளே வரலாம். இந்த வாக்கியத்தில் நிபந்தனை இரண்டு. கப்பல் அதே துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். வருகிறவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சலுகை கிடையாது.

படி 1: கப்பல் போகும் வழியைப் பாருங்கள்

மயாமி, போர்ட் கனாவரல், கால்வெஸ்டன், நியூ ஜெர்சியின் பயோன், சியாட்டில் ஆகிய இடங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலானவை கிளம்பிய இடத்துக்கே திரும்பும். ஆனால் எல்லாமே அப்படி அல்ல. வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்குவது, மயாமியில் ஏறி பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவது எல்லாம் வேறு கணக்கு. அவற்றுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்; யோசிக்க ஒன்றும் இல்லை.

அதே துறைமுகத்துக்குத் திரும்பினாலும் நடுவில் நிற்கும் ஊர் பாஸ்போர்ட் கேட்கலாம். மார்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகள் வரும் வழித்தடங்களில் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்கா உங்களைத் திரும்ப உள்ளே விடுவது ஒரு விதி, அந்தத் தீவு உங்களை இறங்க விடுவது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கப்பல் நிறுவனம் உங்களை ஏற்றும். கப்பல் நிறுவனத்தின் நிபந்தனை அரசாங்க விதியைவிடக் கடுமையாக இருக்கலாம். அவர்கள் ஏற்ற மறுத்தால் துறைமுகத்தில் நின்றுகொண்டு சட்டம் பேசிப் பயனில்லை.

"நாங்க வெளிநாடே போகலையே, கப்பல் கம்பெனியோட தனித் தீவுக்குத்தானே போறோம்" என்பார்கள். அந்தத் தனித் தீவுகளில் பல, ராயல் கரீபியனின் கோகோகே உட்பட, பஹாமாஸ் நாட்டின் மண். மணலில் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்புகிறீர்கள்.

ஏன் எல்லாக் கப்பலும் எங்காவது ஒரு வெளிநாட்டைத் தொட்டுவிட்டு வருகிறது என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. காரணம் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று வேண்டும். நாம் ஏறும் பெரிய குரூஸ் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா என்று வேறு நாட்டுக் கொடியில் ஓடுபவை. அதனால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல், கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நேரம் நின்றுவிட்டு வருகிறது. அந்த ஒரு மாலைதான் நம் ஆட்களின் தலைவலி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, கிரீன் கார்டு இல்லையென்றால், கனடா போக விசா வேண்டும். அலாஸ்காவின் பனிமலையைப் பார்க்கப் போகிறவர் கனடா விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் கதை இதனால்தான்.

படி 2: குடிமக்கள் எடுக்க வேண்டியவை

இங்கே பிறந்த குழந்தைகளில் தொடங்குவோம். 16 வயதுக்கு உட்பட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும், போட்டோ அடையாள அட்டை தேவையில்லை. ஆனால் எந்தப் பிறப்புச் சான்றிதழ்? பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில், பிள்ளையின் குட்டிப் பாதங்களை மையில் ஒற்றி, தங்க நிற ஓரம் போட்டு ஒரு தாள் தருவார்களே, அது அல்ல. அது சட்டம் போட்டு மாட்டிவைக்க. மாநிலமோ கவுண்டியோ தரும், பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றளித்த பிரதிதான் வேண்டும். விரலால் தடவினால் முத்திரை மேடாகத் தெரியும், அல்லது தாளே பணத்தாள்போல் பின்னல் கோலம் உள்ளதாக இருக்கும். நகல் போதும் என்று அமெரிக்க எல்லைக் காவல் துறையின் (சிபிபி) விதியில் இருந்தாலும், கப்பல் நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. இருபது, முப்பது டாலரில் கிடைக்கிற தாள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்துக்கும் உதவும்.

16 வயது ஆகிவிட்டால் பிறப்புச் சான்றிதழோடு அரசு தந்த போட்டோ அடையாள அட்டையும் வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பையனுக்கு நவம்பரில் 16 முடிகிறது, கப்பல் டிசம்பரில். அவனிடம் ஓட்டுநர் உரிமம் இன்னும் இல்லை. அப்படியானால் மாநிலத்தின் அடையாள அட்டை ஒன்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ரியல் ஐடி பற்றி ஒரு குழப்பம் உண்டு. உரிமத்தின் மூலையில் நட்சத்திரம் போட்ட அட்டை அது. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்தில் அதைக் கேட்கிறார்கள். அதனால் அது பாஸ்போர்ட்டுக்குச் சமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. எச்-1பியில் இருப்பவருக்கும் ரியல் ஐடி கிடைக்கிறது. ஆகவே அது குடியுரிமைக்குச் சான்றாக முடியாது. மேம்பட்ட ஓட்டுநர் உரிமம் (என்ஹான்ஸ்டு லைசென்ஸ்) என்பது வேறு. மிச்சிகன், மினசோட்டா, நியூ யார்க், வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து மாநிலங்கள் மட்டும் குடிமக்களுக்குத் தருவது. அது ஒன்றே கடல்வழி திரும்பி வரப் போதும்.

இனி, இந்தியாவில் பிறந்து இங்கே குடியுரிமை வாங்கியவர்கள். உங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் உதவாது. மதுரை மாநகராட்சி தந்த தாளை வைத்து அமெரிக்கக் குடியுரிமையை எப்படிக் காட்டுவது? குடியுரிமை வாங்கியபோது தந்த இயல்புரிமைச் (நேச்சுரலைசேஷன்) சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும், கூட ஓட்டுநர் உரிமம். சட்டப்படி இது போதும். ஆனால் அந்தச் சான்றிதழைக் கடற்கரைப் பையில் திணித்துக்கொண்டு திரிவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தண்ணீர் பட்டோ தொலைந்தோ போனால் மாற்றுப் பிரதிக்குச் சில நூறு டாலர் செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காசுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உறுதிமொழி எடுக்கிற நாளிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். அந்த நொடியிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டையும் பயன்படுத்தக் கூடாது, ஒப்படைத்தாக வேண்டும். கையில் இருப்பது அந்த ஒரே சான்றிதழ். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்து அனுப்பிவிடுவீர்கள். ஆக, பாஸ்போர்ட் தபாலில் வரும் வரை கையில் எதுவுமே இல்லாத சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் குரூஸ் போட்டுவிட்டு விழிப்பவர்கள் நிறைய.

பெற்றோருக்குக் குடியுரிமை கிடைத்தபோது 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு இங்கே அவர்களுடன் இருந்த பிள்ளைகள், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தாமாகவே குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் அதைக் காட்டும் தாள் எதுவும் தாமாகவே வந்து சேராது. பிள்ளை சென்னையில் பிறந்திருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ் இந்தியச் சான்றிதழ்தான். தனியாகக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் 135 டாலர். எது புத்திசாலித்தனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்

அமெரிக்காவுக்குள் திரும்பி வரக் கிரீன் கார்டு போதும், பாஸ்போர்ட் தேவையில்லை என்பது எல்லைக் காவல் துறை தரப்பு. இதைப் படித்துவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். கப்பல் நிற்கும் நாட்டுக்கு நீங்கள் இந்தியர்தான். கனடா, அமெரிக்கக் கிரீன் கார்டு உள்ளவர்களிடம் விசா கேட்பதில்லை. ஆனால் கிரீன் கார்டோடு சொந்த நாட்டின் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையும் கேட்கிறது. மெக்சிகோவும் கிரீன் கார்டு இருந்தால் தனி விசா கேட்பதில்லை. கரீபியன் தீவுகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். உங்கள் வழித்தடத்தில் உள்ள ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 'இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்கக் கிரீன் கார்டு' என்ற கணக்கில் விசா தேவையா என்று பார்த்துவிடுங்கள்.

கார்டின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தை மாதம் பத்துமுறை பர்ஸிலிருந்து எடுக்கிறோம். கிரீன் கார்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

படி 4: எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2

வேலை, படிப்பு, சுற்றுலா விசாக்களில் இருக்கும் இவர்களுக்குப் பாஸ்போர்ட் இல்லாத குரூஸ் என்ற பேச்சே இல்லை. பாஸ்போர்ட், அதில் ஒட்டிய செல்லுபடியாகும் விசா, இரண்டும் வேண்டும். அந்த விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாகவும் இருக்க வேண்டும். விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் பலமுறை என்று பொருள். ஒன்று என்றிருந்தால், அந்த ஒன்று நீங்கள் முதலில் வந்து இறங்கியபோதே தீர்ந்துவிட்டது.

எச்-1பிக்காரர்களின் பெரிய பொறி காலாவதியான விசா. உள்ளே இருக்கும் வரை ஐ-797 ஒப்புதல் தாளும், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 நுழைவுப் பதிவின் தேதியும் போதும், விசா முடிந்தாலும் வேலை பார்க்கலாம். பல ஆண்டு அப்படியே ஓட்டிவிடுகிறோம், பாஸ்போர்ட்டில் ஒட்டியது முடிந்துபோனது நினைவிலேயே இருக்காது. ஆனால் கப்பல் பஹாமாஸைத் தொட்டுவிட்டால் நீங்கள் வெளியே போனவர். திரும்ப வர விசா வேண்டும்.

"மெக்சிகோ, கனடாவுக்கு முப்பது நாளுக்குள் போய்வந்தால் பழைய விசாவே போதுமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான், அப்படி ஒரு விதி இருக்கிறது. ஐ-94 செல்லுபடியாக இருக்க வேண்டும், போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. ஆனால் எச்-1பிக்கு அது மெக்சிகோவும் கனடாவும் மட்டுமே. அண்டைத் தீவுகளும் சேர்ந்த சலுகை எஃப், ஜே விசா மாணவர்களுக்குத்தான், அதிலும் கியூபா கிடையாது. கால்வெஸ்டன் கப்பல் மெக்சிகோவின் கொசுமெலும் புரோக்ரெசோவும் மட்டும் போனால் கணக்கு சரி. அதே கப்பல் ஹோண்டுராஸின் ரோஅட்டான் தீவிலும் நின்றால் கணக்கு தப்பு. போதாக்குறைக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பதால்தான் பொதுவாக மெக்சிகோ நம்மிடம் தனி விசா கேட்பதில்லை. இது காலாவதியானால் அந்தச் சலுகையும் கூடவே போய்விடலாம். புயல் வந்து கேப்டன் வழியை மாற்றி, மெக்சிகோவுக்குப் பதில் வேறு தீவில் நிறுத்தினால்? குடும்பத்தோடு போகும் விடுமுறையை இந்த நூலில் தொங்கவிட வேண்டாம் என்பது என் கருத்து.

கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள், வக்கீலைக் கேட்காமல் கப்பலேறாதீர்கள். எச், எல் விசாவில் முறையாக இருக்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் முன் அனுமதி வாங்காமல் வெளியே காலெடுத்து வைத்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நாலு நாள் பஹாமாஸ் போய்வந்து பத்து வருடக் காத்திருப்பைக் கடலில் போட்டதாக ஆகிவிடும். எஃப்-1 மாணவர்கள் ஐ-20 தாளில் கல்லூரி அலுவலரின் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் வாங்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டிக்கு வருவோம். பத்து வருட பி-2 விசா என்றால் பெரும்பாலும் பலமுறை நுழைவுதான், சிக்கல் இல்லை. ஆனால் "கப்பல்ல போயிட்டு வந்தா இன்னும் ஆறு மாசம் குடுப்பாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்டை நாடுகளுக்கும் தீவுகளுக்கும் முப்பது நாளுக்குள் போய்வந்தால் பொதுவாகப் பழைய ஐ-94இல் மீதியிருக்கும் நாட்களே தொடரும். அப்பாவின் மூத்த குடிமக்கள் அட்டை, ஆதார் எல்லாம் பையில் இருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

பாஸ்போர்ட்டின் காலாவதி பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஆறு மாதமாவது மீதி இருக்கட்டும். திரும்பி வரும்போது ஐ-94 புதிதாகப் பதிவானால், பாஸ்போர்ட் முடியும் தேதியோடு அதையும் வெட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. மூன்று வருட எச்-1பி ஒப்புதல் கையில் இருக்க, ஐ-94 மட்டும் ஏழு மாதத்தில் முடிவதைக் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கரை இறங்கிய அன்றே எல்லைக் காவல் துறையின் தளத்தில் உங்கள் ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள்.

டொராண்டோவில் இருக்கும் உறவினர்கள் மயாமிக்கு வந்து உங்களோடு சேர்ந்து கப்பல் ஏறப்போகிறார்களா? பிறப்புச் சான்றிதழ் சலுகை கனடியக் குடிமக்களுக்குக் கிடையாது. மயாமிக்கு விமானத்தில் வரவே அவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதையே கப்பலிலும் காட்டட்டும். அவர்களில் யாராவது இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருந்தால் அமெரிக்க விசாவும் வேண்டும்.

விசா முடிந்துவிட்டது, ஆனாலும் கப்பலில் போயே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நார்வீஜியன் நிறுவனத்தின் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' அமெரிக்கக் கொடியில் ஓடும் பெரிய குரூஸ் கப்பல். ஹொனலூலுவில் கிளம்பி மாவி, ஹைலோ, கோனா, கவாயி என்று ஹவாய்த் தீவுகளையே ஏழு நாள் சுற்றிவிட்டு ஹொனலூலுவுக்கே வரும். வெளிநாட்டு மண் குறுக்கே வராததால் அமெரிக்காவைவிட்டு வெளியேறிய கணக்கே இல்லை. விலை கூடுதல்தான், அமெரிக்கச் சம்பளத்தில் அமெரிக்கப் பணியாளர்கள் வேலை பார்க்கும் கப்பல் அது.

படி 5: பெயர்

தாள் எல்லாம் இருக்கும், பெயர் இடிக்கும். இது நமக்கென்றே வந்த வினை. அப்பா பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரைச் சேர்த்து ஓட்டுநர் உரிமம் வாங்கிய பெண், ஆனால் பாஸ்போர்ட்டில் இன்னும் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சான தாத்தா. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அறுபத்தைந்து வயது மனிதருக்கு அது பெரிய அவமானம், ஆனால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

முன்பதிவில் உள்ள பெயர், துறைமுகத்தில் நீட்டப்போகும் ஆவணத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், முகநூல் பெயர், தலைப்பெழுத்துச் சுருக்கம் எதுவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், உரிமத்தில் வேறு பெயர் என்றால் நடுவில் பாலமாகத் திருமணச் சான்றிதழை எடுத்துவாருங்கள்.

முன்பதிவின்போது 'குடியுரிமை' என்ற கட்டத்தில் எல்லாருக்கும் அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்துவிடுவது நாம் செய்யும் வழக்கமான தவறு. எங்கே வசிக்கிறீர்கள் என்பது வேறு கட்டம். குடியுரிமை என்றால் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனாலோ, சித்தி சித்தப்பாவோடு பிள்ளையை அனுப்பினாலோ, வராத பெற்றோர் 'சம்மதம்' என்று எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று எடுத்துப்போங்கள். வங்கிக் கிளைகளில் பத்து நிமிட வேலை.

படி 6: சரி, பாஸ்போர்ட் எடுக்கவா வேண்டாமா?

சலுகை உள்ளவர்களிடம்கூட நான் எடுக்கத்தான் சொல்வேன். காரணம் கப்பல் அல்ல, விமானம். கொசுமெலில் இறங்கிக் கடைவீதி பார்க்கிறீர்கள். டாக்ஸி தாமதம், கப்பல் போய்விட்டது. அல்லது மாமியாருக்கு நெஞ்சுவலி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கப்பல் காத்திருக்காது. இப்போது வீடு திரும்ப விமானம்தான் வழி, விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் செல்லாது. அமெரிக்கத் தூதரக அலுவலகத்தைத் தேடிப்போய் அவசரப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அன்று சனிக்கிழமையாகவும் இருந்துவிட்டால் திங்கள்வரை ஓட்டல் அறைதான்.

பாஸ்போர்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் அளவில். தரைவழியும் கடல்வழியும் கனடா, மெக்சிகோ, கரீபியன், பெர்முடாவிலிருந்து திரும்ப அது போதும். முதல்முறை வாங்கும் பெரியவர்களுக்கு 65 டாலர், 16 வயதுக்குக் கீழ் 50 டாலர். பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், பிறப்புச் சான்றிதழ்போலக் கசங்காது. ஆனால் சர்வதேச விமானத்தில் அதுவும் செல்லாது. முழுப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு 165 டாலர், பத்து வருடம் வரும். பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். புத்தகம் வாங்கும்போதே கூடவே கார்டும் கேட்டால் பெரியவர்களுக்கு 30 டாலர் மட்டும் கூடும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்: கரையில் சுற்றும்போது கார்டு பையில், புத்தகம் அறையின் பெட்டகத்தில். கப்பலைத் தவறவிட்டவர்களின் அறைப் பெட்டகத்தைத் திறந்து, அதிலுள்ள பாஸ்போர்ட்டை நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடம் தந்துவிட்டுப் போகும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு.

16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு விண்ணப்பிக்கத் தாய், தந்தை இருவருமே தபால் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவருடைய நோட்டரி சம்மதப் படிவம் வேண்டும். சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், தபாலில் போய்வரும் நாட்கள் தனி. 60 டாலர் கூடுதலாகக் கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் வரும். கோடை விடுமுறைக்கு முன்னால் தபால் நிலையத்தில் நேரம் கிடைப்பதே அரிது. கப்பல் பதிவு செய்த அன்றே இதையும் பதிவு செய்துவிடுங்கள்.

படி 7: துறைமுகத்தில்

கப்பல் நிறுவனத்தின் செயலியில் ஆவணங்களைப் படமெடுத்து ஏற்றி, முகப் படம் எடுத்து, துறைமுகத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்காகத் தாளை வீட்டில் விட்டுவர முடியாது. செயலியில் ஏற்றியது அவர்கள் வசதிக்கு. வாசலில் கேட்பது கையில் இருப்பதை.

கால்வெஸ்டனில் ஒருமுறை எங்களோடு நாலு குடும்பம். காரை நிறுத்தி இறங்கியதுமே போர்ட்டர்கள் பெரிய பெட்டிகளை வாங்கி வண்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவை நேராகக் கப்பலுக்குப் போகும், மாலையில்தான் அறை வாசலுக்கு வரும். நாங்கள் வரிசையில் பாதி தூரம் நகர்ந்திருப்போம். முன்னால் நின்ற அண்ணன் திடீரென்று சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் தோள்பை. அப்புறம் அண்ணியின் கைப்பை.

"பாஸ்போர்ட்டெல்லாம் எங்கங்க வெச்சீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு… பெரிய பெட்டியிலதான்."

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. துறைமுகப் பணியாளர் ஒருவரைப் பிடித்து, எந்த நிறப் பெட்டி, என்ன அடையாளம் என்று விளக்கி, ஊதா நிற ரிப்பன் கட்டிய அந்தப் பெட்டி ஏற்றத்துக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பாஸ்போர்ட்டுகள் கிடைத்தன, கூடவே திறந்த பெட்டியிலிருந்து எள்ளுப்பொடி டப்பா ஒன்றும் உருண்டு ஓடியது. ஆவணங்கள், மாத்திரைகள், ஒரு மாற்றுத் துணி மூன்றும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள், அறைச் சாவியும் அதுவே, கப்பல் வாசலில் ஏறி இறங்க அடையாளமும் அதுவே. கரையில் இறங்கும்போது அதோடு போட்டோ அடையாள அட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் கடைசி இரவில் இதே பொறி மறுபடியும் வரும். பெட்டிகளைக் கட்டி இரவு பத்து, பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்தில் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டால், குடிவரவு வரிசையைத் தாண்டினால்தான் பெட்டி, பெட்டி வந்தால்தான் குடிவரவு. இப்போது பல துறைமுகங்களில் கேமரா முகத்தைப் பார்த்தே அனுப்பிவிடுகிறது. ஆனாலும் அலுவலர் கேட்டால் காட்டத் தாள் கையில் இருந்தாக வேண்டும். அந்த அண்ணன் அன்று இரவு ஐந்து பாஸ்போர்ட்டையும் கழுத்தில் மாட்டும் பையில் போட்டு, அதோடேயே தூங்கினாராம். காலையில் வரிசையில் நிற்கும்போதும் அண்ணி அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.